"ஆரோக்கியமான உபதேசம்" என்றால் மாத்திரையை நிறுத்துவதா?

கெடிலக்கரை:
போன வாரம் கடலூரில் ஒரு எழுப்புதல் கூட்டம். பேர் வேண்டாம், பிரசங்கியார் வெளியூர்க்காரர். 2 தீமோத்தேயு 4:3-ஐ எடுத்துக்கொண்டார். "ஆரோக்கியமான உபதேசத்தைப் பொறுக்க மனதில்லாமல், செவித்தினவுள்ளவர்களாகி" என்று வருகிற வசனம். செவித்தினவு என்றால் காதுக்கு இதமானதையே கேட்கத் துடிக்கிற அரிப்பு. ஆரோக்கியமான உபதேசம் என்றால் சரீரத்துக்கு ஆரோக்கியம் தருகிற உபதேசமாம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரை விழுங்குகிறவன்தான் செவித்தினவுக்காரனாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சர்க்கரை நோயாளி. அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நிருபத்தைத் தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல் சொல்வது பழுதில்லாத போதனையை. உடம்பைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. நாற்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவன் சொல்கிறேன்.

அக்கினிச்சுடர்:
ஸ்தோத்திரம் ஐயா. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கீபோர்டு வாசித்தது எங்கள் சபைத் தம்பிதான். மாத்திரையை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை, விசுவாசத்தைக் கூட்டுங்கள் என்றார். அப்புறம் ஒரு கேள்வி. இட்லி ஆரோக்கியமான உணவு என்கிறோம். இட்லிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்றா அர்த்தம்? சாப்பிடுகிறவனுக்கு ஆரோக்கியம் தருகிறது என்றுதானே? உபதேசத்துக்கும் அதேதான்.

கெடிலக்கரை:
ஆரோக்கியமான மாடு என்றால் என்ன தம்பி? மாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கிரேக்கத்தில் இருக்கிற வினை "ஹுகியாய்னோ". நலமாக இருத்தல். தருதல் இல்லை, இருத்தல். தீத்து 2:2-ஐத் திறந்து பாருங்கள். முதிர்வயதுள்ளவர்கள் விசுவாசத்திலும் அன்பிலும் பொறுமையிலும் ஆரோக்கியமுள்ளவர்களாயிருக்க வேண்டும் என்று இருக்கிறது. பொறுமைக்குச் சளி பிடிக்குமா? கள்ளப் போதனையைப் பற்றிச் சொல்லும்போது அதே பவுல் "அரிபிளவையைப்போலப் படரும்" என்கிறார், 2 தீமோத்தேயு 2:17. அரிபிளவை என்றால் அழுகிப் பரவுகிற புண். இமெநேயு, பிலேத்து என்று பேரையே போட்டிருக்கிறார். உயிர்த்தெழுதல் நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லித் திரிந்த ஆட்கள். அவர்கள் காலில் புண் வந்ததாகவா எழுதியிருக்கிறது? போதனைக்குத்தான் நோய், போதனைக்குத்தான் ஆரோக்கியம்.

அக்கினிச்சுடர்:
மாட்டுப்பால் ஆரோக்கியம் தரும் ஐயா.
நீங்கள் சொன்ன அதே கிரேக்க வினை 3 யோவான் 2-இல் வருகிறதே, "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்று. காயு என்பவருக்கு எழுதியது. அங்கே சுகம் என்றால் உடம்பா, உபதேசமா? ஞாயிறு பள்ளியில் அந்தப் பக்கம் கிழிந்திருந்ததோ?

வில்லியனூர்க்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கத்தோலிக்கர்களாகிய எங்கள் திருவிவிலியத்தில் 2 திமொத்தேயு 4:3-இல் "நலந்தரும் போதனை" என்றே இருக்கிறது. தரும். பிரசங்கியார் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஆனால் "தருதல் இல்லவே இல்லை" என்று ஐயா அடித்துச் சொல்வதும் சரியில்லை. 1995-இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில் உங்கள் சபைகளின் அறிஞர்களும்தான் உட்கார்ந்தார்கள்.

கெடிலக்கரை:
முதலில் அவர் தீமோத்தேயு. திமொத்தேயு இல்லை.
1995 எனக்கு நேற்று. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீர்திருத்தச் சபை மிஷனரி சீகன்பால்க் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டாயிற்று. அந்தப் பரம்பரையில் வந்தவனுக்கு நீங்கள் வேதாகமம் சொல்லித் தருகிறீர்கள். இருத்தல், தருதல் இரண்டும் ஒன்றாகிவிடாது.

வில்லியனூர்க்காரன்:
அச்சைப் பற்றிப் பேசினால் 1578-க்குப் போக வேண்டும் ஐயா. கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். அச்சிட்டவர்கள் எங்கள் கத்தோலிக்கர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீகன்பால்க் பிறக்க இன்னும் நூறு வருடம் இருந்தது.

துறைமுகம்:
திரி சூடாகிவிட்டது, டீ வாங்கி வருகிறேன். கடலூர்க்காரர்களுக்கு, வில்லியனூர் இருக்கிற, பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாண்டிச்சேரி மேல் இருக்கிற கோபம் புதிதில்லை. 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்த மிஷனரி கீர்னாண்டர், 1758-இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் கிளம்பிக் கல்கத்தாவில் போய் நின்றார். ஐயா இன்னும் அதை மறக்கவில்லை.

கெடிலக்கரை:
மறக்க மாட்டேன். ஆனால் அது வேறு கதை. பாண்டிச்சேரிக்காரர்களுக்கு 1 தீமோத்தேயு 5:23 மட்டும்தான் மனப்பாடம், "கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்". அந்த வசனத்தையே முழுதாகப் படியுங்கள். "உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும்" என்கிறார். ஆரோக்கியமான உபதேசத்தைப் பவுலிடமே நேராகக் கேட்டவன் தீமோத்தேயு. அவனுக்கு ஏன் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது? 2 தீமோத்தேயு 4:20-இல் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். அதுவும் செவித்தினவு வசனம் இருக்கிற அதே அதிகாரத்தில்! உபதேசம் ஆரோக்கியம் தருமென்றால் துரோப்பீமுவை ஏன் விட்டுவந்தார்? பதில் வேண்டும்.

உப்பளம் சிஸ்டர்:
ஐயா அரிபிளவை என்று எழுதியிருந்தீர்கள். சர்க்கரை வார்டில் அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்தியவர்கள் ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்பார்கள். காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் செருப்பு கடித்த புண்கூடத் தெரியாது. விரல் கறுத்த பிறகு வருவார்கள். அப்போது எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போய்விடும். அது இருக்கட்டும். உபதேசம் என்று நீங்கள் எல்லாரும் எதைச் சொல்கிறீர்கள்? விசுவாசப் பிரமாணத்தையா, ஞானோபதேசத்தையா, ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசுவதையா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

அக்கினிச்சுடர்:
சிஸ்டர் என்றால் நர்ஸா, கன்னியாஸ்திரியா?
"அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்", ஏசாயா 53:5. குணம் என்றால் குணம்தான். அதற்குக் கிரேக்கம் தேவையில்லை. யாக்கோபு 5:14-இல் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் சபையில் கடைசியாக எப்போது ஒரு வியாதியஸ்தனுக்கு எண்ணெய் பூசினார்கள்? செயலில் காட்டாத உபதேசம் எப்படி ஆரோக்கியமானது?

கெடிலக்கரை:
துரோப்பீமுவுக்குப் பதில் வரவில்லை.
நானே இன்னொன்று தருகிறேன். லூக்கா 5:31, "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை". அந்தச் "சுகமுள்ளவர்கள்" அதே வினைதான். ஏற்கனவே நலமாக இருக்கிறவர்கள். இருத்தல்! நோயாளிக்கு வைத்தியன் வேண்டும் என்று கர்த்தரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் உங்கள் பிரசங்கியாருக்கு என்ன வேண்டும்?

அக்கினிச்சுடர்:
அங்கே அது உடம்பு என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். "உடம்பைப் பற்றிய பேச்சே இல்லை" என்று தொடங்கியது யார்?

கெடிலக்கரை:
லூக்காவில் உடம்பு, தீமோத்தேயுவில் போதனை. சொல் ஒன்று, இடம் வேறு. இதுகூடப் புரியாமல் மேடை ஏறினால் இப்படித்தான் ஆகும்.

அக்கினிச்சுடர்:
ஈஸ்டருக்கு முன்னால் ஞானஸ்நானத் திரியிலும் நீங்கள் இதே வேலையைத்தான் செய்தீர்கள். முழுக்கா தெளிப்பா என்று கேட்டால், கெடிலம் ஆற்றில் முழுகத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேலி செய்துவிட்டுப் போனீர்கள். பதில் இன்னும் வரவில்லை.

கெடிலக்கரை:
தண்ணீர் இன்னும் வரவில்லை.

வில்லியனூர்க்காரன்:
பழைய திரியை இழுக்காதீர்கள். "நலந்தரும்" என்பதற்கு ஐயா இதுவரை என்ன சொன்னார்? அச்சு வருடம் சொன்னார், எழுத்துக்கூட்டல் சொன்னார். வினை "இருத்தல்" என்பது சரி, ஆனால் நலமாக இருக்கிற போதனை கேட்கிறவனுக்கும் நலம் தராதா? மொழிபெயர்த்தவர்கள் அப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

கெடிலக்கரை:
யோசித்திருப்பார்கள் என்பது ஊகம். மூலத்தில் இருப்பது இருத்தல். பத்து முறை எழுதிவிட்டேன், பதினோராவது முறையும் எழுதுவேன்.

அக்கினிச்சுடர்:
இன்று காலை எங்கள் பாஸ்டரிடம் இந்தத் திரியைக் காட்டினேன். "தரும்" என்பதுதான் சரி என்றார். துரோப்பீமு பிறகு சுகமாகியிருப்பான் என்றும் சொன்னார்.

கெடிலக்கரை:
எந்த வசனத்தில்?

துறைமுகம்:
ஐயா, ஒரு சந்தேகம். கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னாரே, அந்தச் சர்க்கரைக்காரர். மாத்திரை போடுகிறாரா இல்லையா? யாராவது கேட்டீர்களா?

கெடிலக்கரை:
அவர் எந்தத் தெரு என்றே எனக்குத் தெரியாது. பேச்சை மாற்றாதீர்கள். தீத்து 1:9-ஐ நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் துரோப்பீமுவுக்கு யாராவது பதில் சொல்லி வையுங்கள்.

அக்கினிச்சுடர்:
எழுதுங்கள் ஐயா. இட்லிக்கும் சேர்த்து எழுதுங்கள்.