புதுப்பிப்பு: பள்ளி முடிந்த பிறகு தம்பிக்கு என்ன வழி?

ஆட்டிசம் உள்ள என் தம்பி சிறப்புக் கல்வி வகுப்பை முடிக்கப் போகிறான், அடுத்து எங்கே என்று முன்பு கேட்டிருந்தேன். பினாங்கில் நாங்கள் பார்த்த தெரபி மையங்கள் எல்லாம் சிறுவர்களுக்குத்தான். பதினெட்டு வயதோடு ஆட்டிசம் போய்விடும் என்று நினைப்பு போல!

சரி, நீங்கள் சொன்ன பிடிகே, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம், நல்ல வழியாகத் தெரிகிறது. மலேசிய சமூக நலத்துறையின் கீழ் வருவது, பெரியவர்களையும் சேர்க்கிறார்கள். அதே துறையில் ஜாப் கோச் திட்டமும் உண்டு. வேலையிடத்தில் ஒருவர் கூடவே நின்று பழக்குவார். அவன் தேறத் தேற மெல்ல விலகிக்கொள்வார். அம்மாவுக்கு இதுதான் பிடித்தது. குறைந்த சம்பள வேலை என்றால் மாதம் 450 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கட்டாயம் வேண்டும்.

பட்டர்வொர்த் பக்கம் பிடிகேயில் பிள்ளையை விட்டிருப்பவர்கள், வேன் வசதி உண்டா என்று சொல்லுங்கள்.