மேல்ஒழுங்குபடுத்தலா, மிகுப்பா?

வணக்கம். ஒரு மரபணுவின் செயல்பாட்டைச் செல் கூட்டுவதை ஆங்கிலத்தில் ‘அப்ரெகுலேஷன்’ என்றும் குறைப்பதை ‘டவுன்ரெகுலேஷன்’ என்றும் சொல்வார்கள். முதலாவதை ‘மேல்ஒழுங்குபடுத்தல்’ என்று தமிழாக்குவதைப் பற்றி ஒரு கேள்வி:

> ‘வளர்ச்சிக் காரணி மரபணுவை மேல்ஒழுங்குபடுத்துகிறது’ என்று எழுதினால் என்ன தவறு?

தவறில்லை, படிப்பவருக்குப் பிடிபடாது, அவ்வளவுதான். ஒழுங்குபடுத்துவது என்றால் நமக்குச் சீர்செய்வதுதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பதோ வேறு: ஒரு மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்கள் கூடுகின்றன அல்லது குறைகின்றன.

நேற்று ஒருவர் ‘பெருக்கம்’ என்றார். காதுக்கு இனிமைதான், ஆனால் நிணநீர் நாளத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்த்தால் அது உதைக்கும். விஇஜிஎஃப்-சி என்ற வளர்ச்சிக் காரணி (செல்லை வளரத் தூண்டும் புரதம்) நாளத்தின் உட்சுவர்ச் செல்லில் உள்ள விஇஜிஎஃப்ஆர்-3 ஏற்பியில் (அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில்) போய் ஒட்டினால் செல்லே பிரிந்து பெருகுகிறது. அதுவும் பெருக்கம், இதுவும் பெருக்கம் என்றால் எது எதுவென்று எப்படிச் சொல்வது? ‘ஏற்றம்’ சரிவராது. மரபணு ஏற்றம் என்றதும் வெளியிலிருந்து மரபணுவைச் செல்லுக்குள் ஏற்றுவதாகத் தோன்றும். ‘முடுக்கம்’ இயற்பியல்காரர்களின் சொத்து.

என் பரிந்துரை: மிகுப்பு, தணிப்பு. வினையாக்கினாலும் முறியாது, மிகுக்கும், தணிக்கும். மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் புராக்ஸ்1 புரதத்தை வைத்து இந்தச் சொற்களைச் சோதித்தேன். இரத்த நாளச் செல்லுக்குள் அதைப் புகுத்தினால் என்ன நடக்கிறது? ‘புராக்ஸ்1 நிணநீர் நாளத்துக்குரிய மரபணுக்களை மிகுக்கிறது, இரத்த நாளத்துக்குரிய சிலவற்றைத் தணிக்கிறது.’ ஒரே மூச்சில் படிக்க முடிகிறதா இல்லையா? மிகுக்கப்படுபவற்றில் விஇஜிஎஃப்ஆர்-3 மரபணுவும் ஒன்று. அந்த ஏற்பி வழியாக வரும் சமிக்ஞை திரும்பப் புராக்ஸ்1-ஐத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தச் சுழற்சியை ‘ஒன்றையொன்று மிகுக்கின்றன’ என்று முடித்துவிடலாம். மேல்ஒழுங்குபடுத்தலில் இதை எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

மரபணு அளவுக்கு மீறிச் செயல்படுவதைக் குறிக்க ‘மிகைவெளிப்பாடு’ ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா என்ற கேள்வி வரும். மிகை என்றால் அளவுக்கு மீறியது. மிகுப்பு கூட்டுவது மட்டுமே. குழப்பம் கொஞ்சம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், சொல்லோடு ‘மரபணு’வை நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். வளர்ச்சிக் காரணி ஒட்டிய ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் ஏற்பிகள் குறையும். அதுவும் தணிப்புதான், மரபணுவைத் தொடாமலே. மரபணுவை முழுதாக வாயடைப்பது வேறு கதை. அதற்கு ‘ஒடுக்கம்’ இருக்கட்டும்.

‘தணிப்பு’ காய்ச்சலை நினைவூட்டுகிறது என்பவர்கள் மாற்று ஒன்றோடு வாருங்கள்.