டர்ஹாம் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு: எம் அண்ட் எஃப் வங்கி, கடைப் பதிவு, பொங்கல் விழா ஆர்டர்

அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் ஆர்.டி.பி. எனும் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலை கிடைத்து, பக்கத்து ஊர்களான கேரி, மோரிஸ்வில்லில் வந்து இறங்குகிறவர்கள் முதல் வாரமே பக்கத்துப் பெரிய வங்கியில் கணக்கு தொடங்கிவிடுகிறார்கள். தப்பில்லை. இரண்டாவது கணக்குக்கு டர்ஹாமில் இருக்கும் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கியைப் பாருங்கள். எம் அண்ட் எஃப் என்றால்தான் உள்ளூரில் தெரியும்.

கறுப்பினத் தொழில்முனைவோர் சேர்ந்து 1907இல் பதிவு செய்து, 1908இல் திறந்த வங்கி அது. அதே வட்டம் 1898இலேயே நார்த் கரோலினா மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. முன்நின்றவர்களில் ஜான் மெரிக் அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் கடைகள் நடத்தி மேலே வந்தவர். ஆரன் மூர் டாக்டர். மற்ற வங்கிகள் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்திய காலத்தில், இந்த வங்கியில் போட்ட டெபாசிட்தான் டர்ஹாமில் கறுப்பர்கள் வாழ்ந்த ஹேடை பகுதியில் வீட்டுக்கடனாகவும் கடைக்கடனாகவும் போனது. இரண்டு நிறுவனங்களும் இருந்த பாரிஷ் தெருவுக்குக் 'கறுப்பர் வால் ஸ்ட்ரீட்' என்றே பெயர். பிறகு நகரச் சீரமைப்பு என்று சொல்லி ஹேடையை இடித்து 147ஆம் நெடுஞ்சாலையைப் போட்டார்கள். டர்ஹாமிலிருந்து ஆர்.டி.பி.க்கு ஆஃபீஸ் போகிறவர்களில் பலர் தினமும் ஓட்டுவது அதில்தான்.

கணக்கு தொடங்க பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), வாடகை ஒப்பந்தம், எஸ்.எஸ்.என். (சமூகப் பாதுகாப்பு எண்) கொண்டுபோங்கள். எஸ்.எஸ்.என். இன்னும் வரவில்லை என்றால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சம்பளம் முழுவதையும் மாற்ற வேண்டாம், கிளைகளும் ஏ.டி.எம்.களும் குறைவு, வேறு ஏ.டி.எம்.மில் எடுத்தால் கட்டணம் விழலாம். ஆஃபீஸ் பேரோல் தளத்தில் டைரக்ட் டெபாசிட்டை (சம்பளம் நேராகக் கணக்கில் விழும் ஏற்பாடு) பிரித்து, மாதம் 200, 300 டாலர் என்று நிலையான தொகை இங்கே போகட்டும். அவசரச் சேமிப்புக்குப் பொருத்தம். டெபாசிட்டுக்குக் காப்பீடு எந்தப் பெரிய வங்கியிலும் உள்ள அதே எஃப்.டி.ஐ.சி. (மத்திய அரசு அமைப்பு) 250,000 டாலர்தான், பயம் வேண்டாம். பலர் செய்யும் வேலை: ஜூன்டீன்த் (அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன் 19) சமயத்தில் உற்சாகமாகக் கணக்கு தொடங்கி, 25 டாலரோடு மறந்துவிடுவது. அதனால் வங்கிக்குச் செலவு, உங்களுக்கு மாதக் கட்டணமும் விழலாம். கடன் கொடுக்க உதவுவது அசையாமல் கிடக்கும் டெபாசிட். ஒரு வருட சி.டி. (நிலையான கால டெபாசிட்) போட்டால் உண்மையில் பயன்.

அடுத்து, கடை போட நினைப்பவர்களுக்கு. எச்-1பி வேலை விசாவில் எல்.எல்.சி.யில் (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பங்கு வைத்திருக்கலாம், சொந்தக் கடை என்றாலும் கல்லாவில் உட்காரக் கூடாது. எச்-4 இ.ஏ.டி. (துணைவருக்கான வேலை அனுமதி) இருக்கும் மனைவியோ கணவரோ தாராளமாக நடத்தலாம். மாநிலப் பதிவுக் கட்டணம் 125 டாலர். அதன்பின் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15க்குள் ஆண்டறிக்கை, 200 டாலர். விட்டால் நிறுவனத்தையே கலைத்துவிடுவார்கள். நிறுவனத்துக்கான வரி எண்ணான இ.ஐ.என். வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸில் இலவசம். பதிவான சில வாரத்தில் அரசாங்கக் கடிதம் மாதிரியே பணம் கேட்டுத் தபால் வரும். கிழித்துப் போடுங்கள்.

கிரீன் கார்டு வந்தபின் ஹப் சான்றிதழ் கேட்கலாம். மாநில ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு வழி திறக்கும் ஏற்பாடு அது. கறுப்பின ஒப்பந்தக்காரர்கள் பல ஆண்டு போராடியதன் பலன், இந்தியத் துணைக்கண்டத்தாரும் அதில் அடக்கம். உரிமை 51 சதவீதம் இருக்க வேண்டும், கட்டுப்பாடும் உண்மையாக இருக்க வேண்டும். மனைவி பெயரில் பங்கு, செக்கில் கையெழுத்து கணவருடையது என்றால் விண்ணப்பம் அடிபடும். வெறும் பெயருக்கு வாங்கும் சான்றிதழ் யாருடைய வாய்ப்பைப் பிடுங்குகிறது என்பதையும் யோசியுங்கள்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒரு போஸ்டர் போட்டு முடிக்காமல், பொங்கல் விழாவுக்கே போட்டோ, சவுண்ட், அச்சு வேலையைக் கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்களுக்குக் கொடுங்கள். "விளம்பரம் கிடைக்கும், கொஞ்சம் சும்மா பண்ணிக் கொடுங்க" என்ற பேச்சே கூடாது. பாதித் தொகை முன்பணம், மீதி அன்றைக்கே. முப்பது நாள் தவணை பெரிய கம்பெனிக்குத் தாங்கும், மூன்று பேர் நடத்தும் இடத்துக்குச் சம்பளமே நின்றுபோகும். செக் எழுதும் முன் டபிள்யூ-9 படிவம் (பணம் வாங்குபவரின் வரி எண் விவரம்) வாங்கிவிடுங்கள். பள்ளி அரங்கம் எடுத்திருந்தால் அவர்கள் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள்; முந்தின நாள் கேட்டால் யாராலும் தர முடியாது, பத்து நாள் முன்பே சொல்லிவையுங்கள்.