பெங்களூரில் இடம் வாங்க, கேஸ் நடத்த வக்கீல் வைத்த அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

ராமமூர்த்தி நகர்க்காரன்:

சேலம், தர்மபுரி பக்கமிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே ஒரு மனை வாங்கிப் போடலாம் என்று நினைக்கிற நம் ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "லேஅவுட்காரங்களே வக்கீல் ஒப்பீனியன் தர்றாங்களே, நாம தனியா வக்கீல் வைக்கணுமா?" கட்டாயம் வைக்கணும். ஏன் என்று எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

கே.ஆர்.புரம் தாண்டி ஒரு முப்பதுக்கு நாற்பது மனை. புரோக்கர் கொடுத்த ஒப்பீனியன் இரண்டே பக்கம். எந்தெந்தப் பத்திரத்தைப் பார்த்தார் என்ற பட்டியலே அதில் இல்லை. கடைசியில் 'கிளியர் டைட்டில்' (சொத்துரிமையில் சிக்கல் இல்லை) என்று ஒரு கையெழுத்து. அந்த வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்தவர் விற்பவர்; அவர் நமக்காக எதைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்? பேங்க் பேனல் வக்கீலும் அப்படித்தான். ஃபீஸ் நம் கணக்கில் பிடிப்பார்கள். ஆனால் கொடுத்த கடனுக்கு இந்தச் சொத்து தாங்குமா என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

நான் போனது மேயோ ஹால் கோர்ட்டில் சிவில் கேஸ் நடத்தும் ஒரு வக்கீல் அம்மாவிடம். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் கன்னடக்காரர் சொல்லி அனுப்பினார். இங்கே பழைய பத்திரங்கள் எல்லாம் கையால் எழுதிய கன்னடம். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்குக் கன்னடம் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு வரி ஓடாது. அதை மடமடவென்று படிக்கிற வக்கீல்தான் முக்கியம். நம்மோடு தமிழில் பேசுவாரா என்பது ரெண்டாம் பட்சம்.

போன அன்றைக்கே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். தாய்ப்பத்திரம், பஹணி (நிலத்தின் வருவாய்த் துறைப் பதிவு), மியூட்டேஷன் (அந்தப் பதிவில் பெயர் மாறிய ஆவணம்), விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்றிய டி.சி. கன்வர்ஷன் ஆர்டர், சர்வே ஸ்கெட்ச், கத்தா (சொத்து வரிக் கணக்கு), வரி ரசீது. ஈசி (வில்லங்கச் சான்று) மட்டும் இரண்டு விதமாகக் கேட்டார். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் ஆன்லைனில் கிடைப்பது 2004 ஏப்ரலுக்குப் பிறகு உள்ளதுதான். அதற்கு முந்தையதைச் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். புரோக்கர் காட்டியது ஆன்லைன் ஈசி மட்டுமே.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். இந்த நிலம் எஸ்.சி., எஸ்.டி. குடும்பத்துக்கு அரசு கொடுத்த நிலம் இல்லை என்று வருவாய்த் துறையிடமிருந்து எழுத்தில் வாங்கி வரச் சொன்னார். கர்நாடகத்தில் 1978-லிருந்து அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அரசு அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட நிலம் கைமாறியிருந்தால், எத்தனை கை மாறியிருந்தாலும் அந்தக் குடும்பம் திரும்பக் கேட்கலாம். காலம் கடந்துவிட்டது என்று வாதாட முடியாதபடி 2023-இல் அதைத் திருத்தியும் விட்டார்கள். நியாயமான சட்டம்தான். தெரியாமல் வாங்கியவன் பாடுதான் திண்டாட்டம்.

ஆனால் எங்கள் மனை மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். நாட கச்சேரியில் (உள்ளூர் வருவாய்த் துறை ஆபீஸ்) வாங்கிய, நிலத்துக்காரர் குடும்பத்தின் வம்சவிருட்சத்தையும் (யார் யார் வாரிசு என்ற பட்டியல்) 2010-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வம்சவிருட்சத்தில் மூன்று மகன், ஒரு மகள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து. மகளின் பெயரைப் பென்சிலால் வட்டம் போட்டு, "இவங்க எல்லி (எங்கே)?" என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் கேட்டார். புரோக்கர், "கோலார்ல கட்டிக் கொடுத்தாச்சு மேடம்" என்றார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 2005-இல் திருத்தம் வந்துவிட்டது. அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் கதை வேறு. இது அதற்குப் பிந்தியது.

"அந்த அம்மா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும், இல்லேன்னா கிரயப் பத்திரத்துல வந்து கையெழுத்துப் போடணும். ரெண்டும் இல்லேன்னா விட்டுடுங்க" என்றார் வக்கீல். புரோக்கர் எவ்வளவோ பேசினார். லேஅவுட்டில் எல்லாரும் வீடே கட்டிவிட்டார்கள் என்றார். வக்கீல் அசையவில்லை. அந்தம்மாவும் வரவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். அட்வான்ஸ் ரசீதில் "வாங்குபவரின் வக்கீல் டைட்டில் சரியில்லை என்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று முன்பே ஒரு வரியை நம் வக்கீல் சேர்க்க வைத்திருந்தார். அந்த வரி இருந்ததால்தான் பணம் கைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வக்கீலுக்குக் கொடுத்த ஃபீஸ் வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

அல்சூர் அக்கா:

தம்பி எழுதியதைப் படித்ததும் அந்தக் கோலார் அம்மாதான் எனக்குக் கண்ணில் நிற்கிறார். நான் அந்தப் பக்கம் நின்றவள்.

எங்கள் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். அண்ணன்கள் கத்தாவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, "உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்றார்கள். கத்தா என்பது வரி கட்ட வைத்திருக்கிற கணக்கு. அதில் பெயர் ஏறினதாலேயே வீடு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. போட்ட நகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் பார்த்த வக்கீல், "ஃபீஸே வேண்டாம்மா, ஜெயிச்சா உன் பங்குல ஒரு பாகம் கொடு" என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் வழக்கின் பலனில் வக்கீல் பங்கு கேட்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. விதியை மீறித்தான் ஆரம்பிக்கிறார் என்றால் அவரை நம்பி எப்படிக் காகிதத்தைக் கொடுப்பது? வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தவர் செலவை எழுதியே கொடுத்தார்: கோர்ட் ஃபீஸ் இவ்வளவு, என் ஃபீஸ் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று. கேஸ் முடியும்வரை வீட்டை விற்கக் கூடாதென்று இடைக்காலத் தடை கேட்டார். அதோடு, "உங்க அண்ணன்களைக் கூண்டுல ஏத்தறதுதான் உங்களுக்கு வேணுமா, பங்கு வேணுமா?" என்று நேராகக் கேட்டார். பங்குதான் என்றேன். சித்தையா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கும் மீடியேஷன் சென்டருக்குக் கோர்ட் மூலமாகவே அனுப்ப வைத்தார். வருஷக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் கேட்டது என் பெரியவன் என்ன படிக்கிறான் என்று. என் பங்குக்குப் பணமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதையே கோர்ட் டிக்ரியாகவும் (தீர்ப்பாணை) ஆக்கிக் கொடுத்தது.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணாக இருந்தாலே இலவசச் சட்ட உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விசாரியுங்கள். காசில்லை என்று பங்கை விட்டுவிடாதீர்கள்.

பொம்மனஹள்ளி சார்:

நான் வக்கீலை மாற்றிய கதை. சுற்றுச்சுவர் தகராறு கேஸ். எப்போது ஃபோன் போட்டாலும் "ஜட்ஜ் லீவு" என்பார். இ-கோர்ட்ஸ் ஆப்பில் கேஸின் சி.என்.ஆர். நம்பரைப் போட்டுப் பார்த்தால், ஜட்ஜ் உட்கார்ந்திருக்கிறார், நம் வக்கீல்தான் வாய்தா கேட்டிருக்கிறார். வக்கீல் வைத்த அன்றைக்கே அந்தப் பதினாறு எழுத்து நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுகிறேன் என்றதும் பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் ஃபைல் என்றார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஃபைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. புது வக்கீல் அதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். ஃபைலும் வந்தது, வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' கையெழுத்தும் வந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் கோர்ட்டில் அனுமதி கேட்டு மாற்றலாம். ஒரிஜினல் பத்திரங்களை நான் யாரிடமும் கொடுப்பதில்லை, ஜெராக்ஸ்தான். கோர்ட் கேட்டால் நானே கையில் எடுத்துக்கொண்டு போவேன்.

ஒயிட்ஃபீல்டு புதுசு:

நாங்கள் பார்ப்பது பில்டர் ஃபிளாட். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கிறது. அதற்கும் தனி வக்கீல் தேவையா அண்ணா?

ராமமூர்த்தி நகர்க்காரன்:

தேவைதான் தம்பி. ரெரா நம்பர் இருப்பதால் கீழே இருக்கும் நிலத்தின் டைட்டில் சரி என்று ஆகிவிடாது. கர்நாடக ரெரா தளத்தில் அந்த புராஜெக்ட் பக்கத்தைத் திறந்தால் பில்டர் ஏற்றியிருக்கும் பத்திரங்கள் இருக்கும். அதையெல்லாம் இறக்கி வக்கீலிடம் கொடு. அங்கே இல்லாததை பில்டரிடம் கேட்கச் சொல். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. அதற்கு மேல் கேட்டால் அங்கேயே நிறுத்து. ஒப்பந்த டிராஃப்ட்டையும் வக்கீல் படிக்கட்டும். முக்கியமாக, வீட்டை ஒப்படைக்கும் தேதி என்ன, தாமதமானால் என்ன தருவார்கள் என்பதை. விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து பிடிக்கிற வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது உன் பொறுப்பு. பத்திரங்களை இறக்கியதும் எழுது, எங்கள் வக்கீல் அம்மாவிடம் பேசிவிட்டு நம்பர் தனியாக அனுப்புகிறேன்.