எடைமேடை ஸ்கிரிப்ட் மெமரியைத் தின்றுகொண்டே போகிறது, எங்கே ஒழுகுகிறது?

அம்பை மில்:
அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அரிசி மில்லில் லாரி எடைமேடை இருக்கிறது. எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியோடு வந்த சி லைப்ரரியை சிடைப்ஸ் (சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் மாட்யூல்) வழியாகப் பைத்தானில் கூப்பிட்டு, வினாடிக்கு 5 முறை எடை வாங்கி டிஸ்பிளேயில் காட்டுகிறேன். ஓடுவது 1 ஜிபி ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில், 64 பிட் ஓஎஸ். ஒரு நாளைக்கு 110 எம்பி கூடுகிறது, ஒரு வாரம் தாண்டுவதில்லை, அதுவும் நெல் லாரி வரிசையில் நிற்கும்போதுதான் செத்துப்போகும். பைத்தானின் குப்பை அள்ளும் ஜிசி கலெக்ட் போட்டும் குறையவில்லை. மெமரி எங்கே போகிறது என்று காட்டும் ட்ரேஸ்மேலாக், எல்லாம் சுத்தம் என்கிறது. இப்போதைக்கு ராத்திரி ராத்திரி ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டுகிறேன்.

பாளை அண்ணாச்சி:
பைத்தான் தன் கையால் ஒதுக்கியதைத்தான் ட்ரேஸ்மேலாக் எண்ணும் தம்பி, லைப்ரரி உள்ளே மேலாக் பண்ணி மெமரி எடுப்பது அதற்குத் தெரியாது. எடை தரும் ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப் (திரும்பி வருவது என்ன வகை என்று சிடைப்ஸுக்குச் சொல்வது) என்ன? அது தரும் எடை ஸ்ட்ரிங்கை யார் ஃப்ரீ பண்ணணும், அதாவது அந்த மெமரியை யார் திருப்பிக் கொடுக்கணும் என்று லைப்ரரியின் ஹெடர் ஃபைலில் இருக்கிறதா?

அம்பை மில்:
சி_சார்_பி, அதாவது எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரி. ஒவ்வொரு முறையும் 256 பைட் ஒதுக்குவார்களாம், முடிந்ததும் அவர்களுடைய ஃப்ரீ ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டேன் அண்ணாச்சி, முதல் தடவையே இன்வேலிட் பாயின்டர் என்று விழுந்தது, பயந்து எடுத்துவிட்டேன்.

பாளை அண்ணாச்சி:
அங்கேதான் கோளாறு. சி_சார்_பி கொடுத்தால் சிடைப்ஸ் எழுத்துகளை பைட்ஸாக நகல் எடுத்துத் தந்துவிட்டு அசல் முகவரியைத் தொலைத்துவிடும். நீங்கள் ஃப்ரீக்கு அனுப்பியது நகலின் முகவரி, விழத்தான் செய்யும். கணக்கும் சரியாக வருகிறது, நாளுக்கு 4,32,000 தடவை, தடவைக்கு 256 பைட். ரெஸ்டைப்பை சி_வாய்ட்_பி (வெறும் முகவரி) ஆக்கி, அந்த முகவரியில் இருப்பதை ஸ்ட்ரிங்_அட் வைத்துப் படித்து, எப்படி வெளியேறினாலும் ஓடும் ஃபைனலியில் அவர்கள் ஃப்ரீயையே கூப்பிடுங்கள். சி-யின் பொது லைப்ரரியான லிப்சியின் ஃப்ரீ வேண்டாம், எந்தப் பாத்திரக்கடையில் அண்டா எடுத்தோமோ அங்கேதானே திருப்பிக் கொடுப்போம்.

அம்பை மில்:
மாற்றினேன். இப்போது செக்ஃபால்ட், தப்பான முகவரியைத் தொட்டு விழுகிறது!

தென்காசிக்காரன்:
ஃப்ரீ ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (உள்ளே அனுப்புவது என்ன வகை என்று சொல்வது) கொடுக்கவில்லையோ? சி_வாய்ட்_பி பைத்தானுக்கு வெறும் எண்ணாகத்தான் வரும். ஆர்க்டைப்ஸ் இல்லையென்றால் சாதாரண 32 பிட் இன்ட் என்று எடுத்துக்கொண்டு முகவரியின் மேல்பாதியை வெட்டிவிடும். அதற்கும் சி_வாய்ட்_பி போடுங்க.

அம்பை மில்:
அதேதான்! மூன்று நாளாக மெமரி ஏறாமல் நிற்கிறது. எடை ஆடிக்கொண்டிருந்தால் பாதியில் கன்டினியூ போட்டு அடுத்த சுற்றுக்குத் தப்பிக்கிற இடம் ஒன்று இருந்தது, ஃபைனலி இல்லாவிட்டால் அங்கே மறுபடி ஒழுகியிருக்கும். ராத்திரி ரீஸ்டார்ட்டை எடுத்துவிட்டேன்.