கட்டளை மேலே, எச்சரிக்கை கீழே: கைடை எப்படித் திருத்துவது?

மடிவாளாவாசி:
வணக்கம். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். டீமுக்கான இன்ஸ்டால் கைடை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான், 40 பக்கம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ஹோசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன், அதைப் பார்த்து வரிசையாகச் செய்துகொண்டே வந்து டெஸ்ட் டேட்டாபேஸை மொத்தமாக அழித்துவிட்டான். ஏழாவது ஸ்டெப்பில் பழைய டேபிள்களை நீக்கும் கட்டளை இருக்கிறது. அதற்கு நேர் கீழேயே, ஏற்கனவே டேட்டா இருந்தால் இந்த ஸ்டெப்பை விட்டுவிடவும் என்று போல்டில் போட்டிருக்கிறேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. மேனேஜர் அவனைத்தான் திட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை, தப்பு என் எழுத்தில் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அல்சூர்க்காரர்:
தப்பு கைடில்தான். அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கைடை யாரும் கதை போலப் படிப்பதில்லை. ஒரு கண் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை), ஒரு கண் கைடில். கட்டளை இருக்கும் சாம்பல் நிறப் பெட்டி தெரிந்ததும் காப்பி, பேஸ்ட், என்டர். கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதற்கு அப்புறம்தான். போல்ட் பண்ணினால் மட்டும் என்ன பிரயோஜனம், டேபிள் போய்விட்டதே. நிபந்தனை முதலில், செயல் பிறகு என்று கூகுளின் டெவலப்பர் டாக்குமென்டேஷன் ஸ்டைல் கைடும் சொல்கிறது. தமிழில் நாம் இயல்பாகவே அப்படித்தான் பேசுகிறோம், "மழை வந்தால் துணியை எடு" என்போம். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் இஃப்பைக் கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் வைத்துவிடுகிறோம். ஏழாவது ஸ்டெப்பை இரண்டாகப் பிரியுங்கள்: டேட்டா இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை ஒன்று, இல்லை என்றால் மட்டும் செய்ய வேண்டியது இன்னொன்று.

ஒயிட்ஃபீல்ட்_டெஸ்டர்:
அதோடு, கைடை வேர்டில் எழுதுகிறீர்களா என்று பாருங்கள். வேர்ட் தானாகவே நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும், இரண்டு ஹைஃபனைச் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கும். பார்க்க அழகாக இருக்கும், கட்டளையை ஓட்டும் ஷெல்லுக்குப் புரியாது. இதனாலேயே எனக்கு ஒரு முழு சாயங்காலம் போனது, எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்த கட்டளை ஓடவே இல்லை, கடைசியில் மேற்கோளை அழித்துவிட்டு கையால் தட்டியதும் ஓடிவிட்டது. மார்க்டவுனில் (வெறும் எழுத்தும் சில குறிகளும் மட்டும் வைத்து எழுதும் முறை) கோட் பிளாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. வரி முன்னால் டாலர் குறியும் வேண்டாம், அதையும் சேர்த்துக் காப்பி செய்துவிடுவார்கள்.

படிப்பவர் மாற்ற வேண்டிய இடத்தில் உங்கள் நிஜ சர்வரின் ஐபி முகவரியை உதாரணமாகப் போடவே போடாதீர்கள். ஆவணங்களுக்கென்றே 192.0.2.0 முதல் 192.0.2.255 வரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், 2010இல் வந்த ஆர்எஃப்சி 5737இல் இருக்கிறது (ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவண வரிசை). மாற்றாமல் ஓட்டினாலும் யார் சர்வரையும் போய்த் தொடாது.

எச்எஸ்ஆர்_அக்கா:
இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் 40 பக்கத்தையும் ஒரே மூச்சில் திருத்த உட்காராதீர்கள், நடுவில் ரிலீஸ் வரும், பாதியில் நிற்கும். அந்தத் தம்பியையே பக்கத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவன் எங்கே நிற்கிறானோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

அப்புறம் ஷுட் (should) என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள். கட்டாயமா, செய்தால் நல்லதா? 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 மஸ்ட் (must) என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால், விளைவைப் புரிந்துகொண்டு, செய்யாமல் விடலாம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. நாம் இரண்டுக்கும் ஷுட் போடுகிறோம், மரியாதையாக இருக்கும் என்று. படிப்பவன் விடலாம் போல என்று விட்டுவிடுகிறான்.

மடிவாளாவாசி:
ரொம்ப நன்றி. ஏழாவது ஸ்டெப்பை இன்று காலையே பிரித்துவிட்டேன். மத்தியானம் தம்பியோடு உட்கார்ந்தேன். மூன்றாவது ஸ்டெப்பிலேயே நின்றுவிட்டான். "கான்ஃபிக் ஃபைலைத் திறந்து தேவையான மாற்றங்களைச் செய்யவும்" என்று எழுதியிருந்தேன். "எந்த ஃபைல் அண்ணா, என்ன மாற்றம்?" என்று கேட்டான். அந்த ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற பெயரில் நாலு ஃபைல் இருக்கிறது.