நான்கு புள்ளி சொச்சம்

குழு: பெரிய வீடு

வசந்தி அத்தை: (காணொளி)

வசந்தி அத்தை: இந்தப் பெண்ணைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிவிட்டு, வீடு பற்றி எரிவதுபோல் அழுகிறாள். வெள்ளி என்ன கிள்ளுக்கீரையா?

சேகர் மாமா: நமக்கு வெண்கலம் கிடைத்தாலே தெருவெல்லாம் பட்டாசு. இவளுக்கு வெள்ளி கசக்கிறதாம்.

நிலா: அத்தை, அது 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக். ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது இசைக்கேற்பப் பனியில் சறுக்கிக் குதிக்கும் ஆட்டம். பெயர் அலெக்சாண்ட்ரா ட்ருசோவா, ரஷ்யாக்காரி, அப்போது வயது 17. இதை வெட்டி அனுப்பியவர் அழுகையை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்.

வசந்தி அத்தை: வந்துவிட்டார் வழக்கறிஞர்.

நிலா: வந்துவிட்டேன். சற்று முன்புதான் அவள் அதே பனித்தளத்தில் ஐந்து குவாட் போட்டிருந்தாள். குவாட் என்றால் குதித்துக் காற்றில் நான்கு சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஒலிம்பிக்கில் வேறு எந்தப் பெண்ணும் அதுவரை ஒரே ஆட்டத்தில் ஐந்து போட்டதில்லை.

சேகர் மாமா: நான் மாடிப்படியில் திரும்பினாலே தலை சுற்றுகிறது.

பெரியப்பா: நான்கு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?

நிலா: ஒரு நொடிகூட இல்லை, பெரியப்பா. அதிலும் லட்ஸ் என்று ஒரு குதிப்பு வகை இருக்கிறது. இடது பிளேடின் வெளிவிளிம்பில் பின்னோக்கி வளைந்து சறுக்க வேண்டும். வலது காலின் நுனியைப் பனியில் குத்த வேண்டும். பிறகு, வளைந்து வந்த திசைக்கு நேர் எதிராகச் சுழன்று எழ வேண்டும். உடம்பு ஒரு பக்கம் போக விரும்பும், இவள் அதை மறுபக்கம் திருப்புவாள். 2018 அக்டோபரில் எரெவானில் நடந்த ஜூனியர் போட்டியில் குவாட் லட்ஸை முதன்முதலில் இறக்கிய பெண் இவள்தான். அப்போது வயது 14.

கார்த்தி: பாட்டி பக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "பதினாலு வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு?"

நிலா: பாட்டி கேட்பது நியாயம். அதற்கு ஏழு மாதம் முன்பே, 13 வயதில், சோஃபியாவில் ஜூனியர் உலகப் போட்டியில் இரண்டு வகைக் குவாட் போட்டு ஜெயித்திருந்தாள். மாஸ்கோவில் எடெரி டுட்பெரிட்சே என்ற பயிற்சியாளரிடம் இருந்தாள். அங்கே இந்த வயதுப் பெண்கள் வரிசையாக வருவார்கள், வரிசையாகப் போவார்கள். பெய்ஜிங்குக்குப் பிறகு சர்வதேசக் கூட்டமைப்பு சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்கிவிட்டது.

வசந்தி அத்தை: ஊக்கமருந்து விவகாரம் இவள்தானே?

நிலா: இல்லை, இல்லை! அது கமிலா வலியேவா, 15 வயது, அதே பயிற்சியாளர். தயவுசெய்து இரண்டையும் குழப்பி வேறு குழுவில் அனுப்பிவிடாதீர்கள்.

வசந்தி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேகர் மாமா: அனுப்பிவிட்டாள்.

பெரியப்பா: நிலா, விஷயத்துக்கு வா. ஐந்து போட்டவள் ஏன் இரண்டாவது? நடுவர்கள் ஏமாற்றினார்களா?

நிலா: எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். உங்களுக்குப் பிடித்த கணக்கு, பெரியப்பா. ஆட்டம் இரண்டு நாள். முதல் நாள் குறும் ஆட்டம், இரண்டாவது நீண்ட ஆட்டம், இரண்டையும் கூட்டுவார்கள். நீண்ட ஆட்டத்தில் ட்ருசோவா 177.13. தங்கம் வாங்கிய அன்னா ஷெர்பகோவா 175.75. அதாவது அன்று முதலிடம் இவளுக்குத்தான்.

பெரியப்பா: 1.38 கூடுதல். சரி, முதல் நாள்?

நிலா: ட்ருசோவா 74.60. ஷெர்பகோவா 80.20.

பெரியப்பா: 5.60 பள்ளம். 1.38ஐ நிரப்பினால் 4.22 மிச்சம். கணக்கில் நூறு வாங்கிவிட்டுத் தமிழில் கோட்டைவிட்ட பிள்ளை. நான் முப்பது வருடம் பார்த்த கதை.

நிலா: அப்படி முடித்துவிடாதீர்கள். குறும் ஆட்டத்தில் பெண்கள் குவாட் போடக்கூடாது என்பது அன்றைய விதி. ஆண்கள் போடலாம், பெண்கள் கூடாது. இவளுக்குக் கைவந்த ஆயுதமே அன்று உறையைவிட்டு வரவில்லை.

பெரியப்பா: ஓ. வினாத்தாளிலேயே அந்தக் கேள்வி இல்லையா?

நிலா: இல்லவே இல்லை. அதனால் இருப்பதில் பெரியதை எடுத்தாள், ட்ரிபிள் ஆக்சல் என்ற மூன்றரைச் சுற்றுக் குதிப்பு. அவளுக்கு அது முழுதாகப் பிடிபடாத ஒன்று. விழுந்தாள். அடிப்படை மதிப்பு 8. விழுந்தால் அதில் பாதி வரை கழியும், மேலும் 1 அபராதம்.

பெரியப்பா: ஆக 3. விழாமல் இறங்கியிருந்தால் 8, அதாவது 5 கூடுதல். தேவைப்பட்டது 4.22.

பெரியப்பா: அடடா.

சேகர் மாமா: பெரியவரே "அடடா" என்றுவிட்டார். குறித்துக்கொள்ளுங்கள்.

வசந்தி அத்தை: அப்படியானால் சுலபமான குதிப்பைப் போட்டிருக்கலாமே?

நிலா: டபுள் ஆக்சலின் மதிப்பு 3.30தான், அத்தை. அழகாக இறங்கினாலும் பள்ளம் நிரம்பாது. அவள் தப்பாகக் கணக்குப் போடவில்லை, கால்தான் இடறிவிட்டது. முந்தைய ஆண்டு ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியிலும் இதே கதை: குறும் ஆட்டத்தில் 12ஆம் இடம், அடுத்து நீண்ட ஆட்டத்தில் எல்லோரையும் தாண்டி வெண்கலம்.

பெரியப்பா: அந்த 177.13 எப்படி வந்தது? பிரித்துச் சொல்.

நிலா: தொழில்நுட்பத்துக்கு 106.16, ஆட்டத்தின் அழகு, இசையோடு இணைவது இவற்றுக்கு 70.97. ஷெர்பகோவாவுக்கு 100.49, 75.26. அவள் போட்ட குவாட் இரண்டு மட்டும். ஆனால் இசையின் மேல் நடப்பாள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்த ஆட்டம் ஷெர்பகோவாவுடையது. ட்ருசோவா ஒரு குதிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் வேகம் சேர்த்துக்கொண்டு ஓடுவதாகத்தான் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ட்ருசோவாவை.

பெரியப்பா: கூட்டிப் பார்த்துவிட்டேன். நான்கு எண்களும் சரியாக இருக்கின்றன. நடுவர்கள் மேல் என் சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.

கார்த்தி: பாட்டி: "அழும்போது பக்கத்தில் அம்மா இல்லையா?"

நிலா: இல்லை, பாட்டி. கொரோனா கட்டுப்பாடு. வெளிநாட்டுப் பார்வையாளர் யாரையும் விடவில்லை. பயிற்சியாளர் தோளைத் தொட வந்தார், தள்ளிவிட்டாள். "எல்லோரிடமும் தங்கம் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை, இந்த விளையாட்டை வெறுக்கிறேன்" என்று கத்தினாள். மேடைக்கு வரவே மறுத்தாள். பிறகு வந்து நின்றாள். அந்தப் பக்கம் ஜெயித்த ஷெர்பகோவா, பொம்மையைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அதை யாரும் வெட்டி அனுப்புவதில்லை.

வசந்தி அத்தை: ஜெயித்தவளையுமா தனியாக விட்டார்கள்?

நிலா: ஆமாம். எல்லோரும் அழுகிறவர்களைச் சுற்றி நின்றார்கள். வலியேவா தடுமாறி விழுந்து நான்காம் இடத்துக்குப் போயிருந்தாள்.

சேகர் மாமா: "எல்லோரிடமும் தங்கம்" என்றாளே, அது யார் யார்?

நிலா: ஷெர்பகோவாவிடம் இந்தத் தங்கம். அதற்கு முன்பு நடந்த அணிப் போட்டியில் ரஷ்யா முதலில் வந்திருந்தது. பெண்கள் பிரிவில் இரண்டு ஆட்டத்துக்கும் வலியேவாவைத்தான் இறக்கினார்கள், இவளுக்கு வாய்ப்பில்லை. வேடிக்கை என்னவென்றால், வலியேவாவுக்கு 2024இல் தடை வந்ததும் அந்த அணித் தங்கம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. இவளுடைய வெள்ளி இன்னும் அவளிடமே இருக்கிறது.

கார்த்தி: பாட்டி: "இப்போது எப்படி இருக்கிறாள்?"

நிலா: பெய்ஜிங் முடிந்த சில நாட்களில் உக்ரைன் போர் தொடங்கியது. ரஷ்யர்களுக்குச் சர்வதேசப் போட்டிகள் மூடப்பட்டன. 2024இல் மகர் இக்னாடோவ் என்ற சறுக்கு வீரரைத் திருமணம் செய்துகொண்டாள். 2025இல் ஆண் குழந்தை.

கார்த்தி: பாட்டி: "அப்படியானால் சரி. அந்தப் பெண் குதிக்கிற படத்தை எடுத்து வா, அழுகிற படம் வேண்டாம்."

வசந்தி அத்தை: எனக்கும் அனுப்பு. அந்தக் குழுவிலும் மாற்றிப் போட வேண்டும்.